ஆறு மணிக்கு நேரே இருந்த வரி

ராஸ் துவைரா சிக்னல் கோபுரம்
11 மே 1993

உஸ்தாத் ஷஃபீக் தாத்ரஸ் அவர்களுக்கு,

நலமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மின்யாவில் அக்கா வீட்டு மாடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறீர்கள் என்று லாரிக்காரன் சொன்னான். தற்காலிகப் பணிநீக்கம் உங்களுக்கு நன்றாகத்தான் ஒத்துப்போயிருக்கிறது. இங்கே உங்கள் முறையையும் சேர்த்து நான்தான் கடல் பார்க்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 14 விபத்தை விசாரிக்க புது அதிகாரி வந்திருக்கிறார். பழைய ஆள் மாதிரி இல்லை. டீ கொடுத்தால் குடிக்காமல் பதிவேட்டைக் கேட்கிற ஆள். இழுவைக் கப்பல் ஒன்று மீனவன் ஸலாமாவின் படகில் மோதியதும், ஸலாமாவின் தம்பி ஈத் மூழ்கிச் செத்ததும் ஊருக்கே தெரியும். படகில் விளக்கு இல்லை என்று நம் பதிவேடு சொல்கிறது. அதனால்தான் தம்பியின் சாவுக்குக் காரணம் என்று ஸலாமாவைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். இதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை.

ஆறு மணிக்கு நேரே உங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. சிறு படகு ஒன்றை ‘நோட்டிஸ்ட்’, விளக்கு இல்லை, ‘கெப்ட் அன் ஐ ஆன்’ என்று. அதிகாரி பதினொரு வருஷத்துப் பக்கங்களையும் புரட்டியிருக்கிறார். எல்லா நாளும் ‘கெப்ட் வாட்ச்’ என்றுதான் எழுதியிருக்கிறோமாம். அன்று ஒரு நாள் மட்டும் ஏன் வார்த்தை மாறியது என்று கேட்கிறார். ஜூன் 15க்குள் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

இரண்டும் ஒன்றுதான், அவசரத்தில் கைக்கு வந்ததை எழுதினேன் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். முறைமாற்றச் சீட்டின்படி ஐந்தரைக்கே ஜன்னலை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் கீழே போய்விட்டேன். என் பெயர் அதில் வரத் தேவையில்லை. டெலிஃபோன் செய்ய வேண்டாம். ஸ்டேஷன் டெலிஃபோனுக்கு எத்தனை காதுகள் என்று உங்களுக்கே தெரியும்.

பஹ்கத் ஸுலைமான்


மின்யா
17 மே

உஸ்தாத் பஹ்கத்,

உங்கள் உத்தரவு கிடைத்தது.

இரண்டும் ஒன்றில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் பழைய தலைமை அதிகாரி தன் கையால் எழுதி ஒட்டிவைத்த தாளை நீங்கள் பதினொரு வருஷமாக டீ டம்ளர் வைத்து நனைத்தீர்களே தவிர, படிக்கவில்லை. உங்கள் வீட்டம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குகிறார். நடுநடுவே பாலைப் பார்த்துக்கொள்கிறார். அதுதான் ‘கீப் அன் ஐ ஆன்’. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றால் அது ‘வாட்ச்’. நிமிஷத்துக்கு ஒருமுறை படகு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் ‘டிராக்’. அது கண்ணை விட்டு மறையும்வரை கண்ணாலேயே பின்னால் போனால் ‘ஃபாலோ’. ‘நோட்டிஸ்’ இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது. தேடாமலே கண்ணில் படுவது. தேடிக் கண்டுபிடித்தால் அது ‘ஸ்பாட்’.

இத்தனை நாட்டுக் கப்பல்காரர்கள் படிக்கும் பதிவேடு அது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மனுஷன் பொறுப்பு. உங்கள் அதிகாரி முட்டாள் இல்லை. ‘கண்ணில் பட்டது என்றால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்?’ என்று அடுத்துக் கேட்பார். என்ன சொல்லட்டும்? நீங்கள் சொல்லிக்கொடுங்கள், எழுதுகிறேன். சொல்லிக்கொடுப்பதுதான் உங்களுக்கு வருமே.

என் பொருட்களை அனுப்பிவையுங்கள். அகராதி, சாம்பல் நிற ஸ்வெட்டர், நீல விளிம்பு போட்ட எனாமல் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் என் பெயரின் முதல் எழுத்து கீறியிருக்கும். உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஸலாமாவின் தாயார் எப்படி இருக்கிறார்?

ஷஃபீக்


ராஸ் துவைரா
24 மே

ஷஃபீக்,

உஸ்தாத் கிஸ்தாத் எல்லாம் போதும். உனக்கு மரியாதை கொடுத்து எழுதினால் நீ எனக்குப் பாடம் நடத்துகிறாய். என் மனைவி வெங்காயம் நறுக்குவதையெல்லாம் கடிதத்தில் இழுக்காதே. அவள் உனக்கென்று தனிச் சட்டியில் சமைத்துக் கொடுத்தவள்.

இந்த அகராதி ஜம்பத்தைப் பதினொரு வருஷம் பொறுத்துக்கொண்டேன். கிரேக்கக் கேப்டன் ஒருவன் முன்னால், “பஹ்கத், அது நோட்டிஸ்ட் இல்லப்பா, ஸ்பாட்டட். எத்தன வாட்டி சொல்றது?” என்று சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவனும் சேர்ந்து சிரித்தான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ. நான் கயிறு இழுத்து மேலே வந்தவன். என் இங்கிலீஷ் இந்தப் பதிவேட்டில் கற்றது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆறு மணி வரியை எழுதியது என் இங்கிலீஷா, உன் இங்கிலீஷா?

நீ ஏன் ‘வாட்ச்’ போடவில்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் மாட்டினால் நழுவிக்கொள்ள ஒரு சந்து வைத்தாய். ‘நான் முழுசாகப் பார்த்தேன் என்று எங்கே சொன்னேன், அப்பப்போ பார்த்தேன் என்றுதானே எழுதினேன்’ என்று சொல்லலாம் அல்லவா? அதுதான் உன் படிப்பு. பொய்யிலும் நல்ல பொய்யாகப் பொறுக்கி எடுப்பது.

அகராதியும் ஸ்வெட்டரும் லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டேன். கிண்ணம் இல்லை. விபத்து நடந்த மறுநாளே அதைக் கடலில் எறிந்துவிட்டேன். ஏன் எறிந்தேன் என்று கேட்காதே.

ஸலாமாவின் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வந்து கோபுரத்துக்குக் கீழே உட்காருகிறாள். அழுவதில்லை, திட்டுவதில்லை. அண்ணாந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருட்டியதும் போகிறாள். ஒரு நாள் இறங்கிப் போய், “அம்மா, வெயில்ல உக்காராதீங்க, வீட்டுக்குப் போங்க” என்று சொன்னேன். “நீ உன் வேலையப் பாரு மகனே. நான் சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள். உன் தாளில் இதற்கு என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

விளக்கத்தை அனுப்பு. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

பஹ்கத்


மின்யா
31 மே

பஹ்கத்,

எரிக்கவில்லை. எரிக்கப்போவதும் இல்லை.

அன்று நடந்ததை நீ மறந்துபோனவன் மாதிரி எழுதுகிறாய். நான் எழுதிவைக்கிறேன், படி.

ரமழானில் ஐந்தரைக்கே வந்து நான் ஜன்னலை வாங்கிக்கொள்வேன். நீ நிதானமாக நோன்பு திறப்பாய். எங்கள் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என் ஜன்னலில் நீ உட்காருவாய். எந்த அதிகாரியும் போட்ட ஒழுங்கு இல்லை இது. நாமே பேசி வைத்துக்கொண்டது. பதினொரு வருஷம் ஒரு குறையும் வரவில்லை. ஏன் வரவில்லை? எப்போதும் ஒருவன் பசியோடும் மற்றவன் வயிறு நிறைந்தும் இருந்தோம். இந்த வருஷம் உங்கள் ரமழானும் ஈஸ்டருக்கு முன்னால் வரும் எங்கள் பெரிய நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. நானும் மாலைவரை வாயில் தண்ணீர் விடாதவன். இதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நல்ல சகுனம் என்று வேறு சிரித்துக்கொண்டோம்.

இருபதாம் நோன்பு அன்று உன் மனைவி இஹ்ஸான், எங்கள் நோன்புக்கு ஆகாத நெய்யைச் சேர்க்காமல் எனக்கென்று எண்ணெயில் தாளித்த ஃபூல் பயறு கொடுத்தனுப்பினாள். என் நீலக் கிண்ணத்தில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தாய். வழக்கம்போல ரேடியோவைக் கடல் பக்கம் திருப்பிச் சத்தமாக வைத்தாய். அதில் நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கி, பாங்கு தொடங்கியது. நான் ஜன்னலில்தான் நின்றேன். நீ என்ன சொன்னாய்?

“வந்து உக்காருப்பா. உனக்கும் நோன்பு, எனக்கும் நோன்பு. பதினோரு வருஷமா ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து தின்னிருக்கமா? பத்து நிமிஷம்தான். கடல் எங்கயும் ஓடிடாது.”

உட்கார்ந்தேன். என் மேல் யாரும் கைவைத்து உட்காரவைக்கவில்லை. உட்கார்ந்தது நான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெங்காயத்தைக் கையாலேயே குத்தி உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாய். உன் மகள் நக்லாவின் நிச்சயத்தைப் பற்றிப் பேசினோம். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறேகாலுக்கு இழுவைக் கப்பலின் சங்கு அலறியபோதுதான் எழுந்தோம். அபாயச் சங்கை நாம் ஊத வேண்டிய நேரம் அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டது.

விளக்கு இருந்ததா, இல்லையா? உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. “வெளக்கு இல்லன்னு போடு ஷஃபீக், சீக்கிரம் போடு, ஆளுங்க மேல ஏறி வராங்க” என்று நீ சொன்னாய். நான் போட்டேன். ‘வாட்ச்’ என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். கை வரவில்லை. அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்றைத் தேடி எழுதினேன். சந்து வைத்தேன் என்கிறாய். சந்து இல்லை, பஹ்கத். முழுப் பொய் சொல்லத் தைரியம் இல்லாதவன் சொன்ன பொய் அது. அதற்காக எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நீ சொன்னதில் பாதி சரி. எனக்கு வார்த்தைகள் தெரியும், அந்த அறிவை வைத்துத்தான் ஒரு மனுஷனை உள்ளே தள்ளினேன்.

ஈத் போய்விட்டான். ஸலாமா, தன் தம்பியைத் தானே கொன்றதாக எழுதப்பட்ட காகிதத்தின் கீழே படுத்திருக்கிறான். நான் உண்மையை எழுதப்போகிறேன்.

ஷஃபீக்


ராஸ் துவைரா
4 ஜூன்

ஷஃபீக்,

உனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அக்கா வீட்டில் சாப்பாடு. உனக்கு உண்மை மலிவு.

எனக்கு நான்கு பெண்கள். மூத்தவளின் நிச்சயம் இந்த மாதக் கடைசியில். மாப்பிள்ளையின் அப்பா இதே துறையில் பெரிய இடத்தில் இருக்கிறார். பெண்ணின் அப்பன் வேலை நேரத்தில் வெங்காயம் தின்று ஒருத்தனைச் சாகவிட்டான் என்று அவர் காதில் விழுந்தால், அதன் பிறகு என் வாசலை எவன் மிதிப்பான்?

என் பெயரை இழுத்தால் நான் கீழேதான் இருந்தேன் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்வேன். முறைமாற்றச் சீட்டில் ஐந்தரைக்கு உன் கையெழுத்து இருக்கிறது. கிண்ணமும் இல்லை. உன்னை யார் நம்புவார்கள்? சாப்பிடக் கூப்பிட்டது ஒரு குற்றமா? உன்னைச் சகோதரனாக நினைத்துக் கூப்பிட்டேன். அந்தப் புத்திகெட்ட வேலைக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பஹ்கத்


மின்யா
12 ஜூன்

உஸ்தாத் பஹ்கத் ஸுலைமான் அவர்களுக்கு,

விளக்கத்தை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் வேண்டியதில்லை, இரண்டே வரிதான். ஐந்தரையிலிருந்து ஆறேகால்வரை ஜன்னல் என் பொறுப்பு. நான் பார்க்கவில்லை. ‘டிட் நாட் ஸீ’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். அகராதி தேவைப்படவில்லை. படகு என் கண்ணில் படவே இல்லை, விளக்கைப் பற்றி எழுதியது கட்டுக்கதை என்றும் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் பெயர் அதில் இல்லை. ‘நான்’ என்றுதான் எழுதினேன், ‘நாங்கள்’ என்று எழுதவில்லை. நிம்மதியாகப் பெண்ணைக் கட்டிக்கொடுங்கள். உங்களைக் காப்பாற்ற நான் இதைச் செய்யவில்லை. உங்கள் சத்தியத்தைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். பதினொரு வருஷம் ஒரே ஜன்னலில் உட்கார்ந்த மனிதன் பொய்ச் சத்தியம் செய்வதைப் பார்ப்பதைவிட, அவர் அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வது எனக்குச் சுலபம்.

ஸலாமாவின் தாயாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் வாயிலிருந்து எதுவும் அந்த அம்மாவுக்குப் போக வேண்டாம்.

எனக்கு இனி எழுதாதீர்கள்.

ஷஃபீக் தாத்ரஸ்


ராஸ் துவைரா
27 ஜூன்

ஷஃபீக்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்க விருப்பமில்லையென்றால் அடுப்பில் போடு.

உன் இரண்டு வரியை வைத்துக்கொண்டு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தலைநகரில், மூன்றாம் மாடியில், மின்விசிறி ஓடாத அறை. ஸலாமாவையும் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். பாதியாக இளைத்துவிட்டான். அதிகாரி சொன்னார்: “வேல போன ஆளு, இனிமே இழக்க ஒண்ணும் இல்லாதவன். மீனவன் மேல இரக்கப்பட்டு எழுதினானோ என்னவோ. இந்த ஒரு காகிதத்த நம்பி நான் இவன வெளிய விட முடியாது. நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?”

உன் பெரிய மனசு அந்த ஆளுக்கு ஒரு காசு பெறவில்லை, தெரிந்துகொள். ‘நான்’ என்று எழுதினாயாம், ‘நான்’! மறுபடியும் பொய். என்னை அங்கே இல்லாமல் செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? உன் தயவில் நக்லாவைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு நோன்பு திறக்கும்போதும் உன் முகத்தை நினைத்துக்கொண்டே தின்ன வேண்டுமா? பதினொரு வருஷத்தில் உன்னிடம் ஓசியில் ஒரு கவளம் வாங்கியவன் இல்லை நான்.

கீழே இருந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதையும் மறைக்கவில்லை. ஆனால் பையில் உன் கிண்ணம் இருந்தது. கடலில் எறியவில்லை. எறியத்தான் படியிறங்கினேன். அந்தக் கிழவி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் முன்னால் எறிய முடியவில்லை. திரும்ப மேலே கொண்டுபோய்க் கொடிப்பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். அன்றிலிருந்து கழுவவும் இல்லை. விசாரணைக்குப் போன அன்று காலையில் அதை ஏன் பையில் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

எடுத்து மேசையில் வைத்தேன்.

“இது அவனோடது. பக்கத்துல என் தட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் முதுகக் காட்டி உக்காந்திருந்தோம். நான்தான் கூப்பிட்டேன். வெளக்கு இல்லன்னு எழுதச் சொன்னதும் நான்தான்” என்றேன். காய்ந்துபோன எண்ணெயை அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்தார். “பதிவேட்டுல அந்த வரிக்குப் பதிலா இங்கிலீஷ்ல என்ன இருந்திருக்கணும்?” என்று கேட்டார். உன் தாளில் இருக்கிற எதுவும் பொருந்தவில்லை. “சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்னு போடுங்க” என்றேன். போட்டுக்கொண்டார்.

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஸலாமா, “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டான்.

“ஃபூல்” என்றேன்.

“நாங்களும் அதான் வெச்சிருந்தோம்” என்றான். “பாங்கு கேக்கணும்னுதான் கப்பல் போற பாதைக்குள்ள வந்து நின்னோம். உங்க ரேடியோ அங்க வரைக்கும்தான் கேக்கும். ஈது மொதல்ல வெளக்க ஏத்திட்டு, அப்புறம்தான் தண்ணியக் குடிச்சான். கப்பல் வர்றதப் பாத்து நான் எழுந்தேன். அவன்தான் ‘உக்காருண்ணே’ன்னான். ‘மேல ரேடியோ பாடுதுல்ல, ஆள் இருக்காங்க. நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, ஆபத்துன்னா சங்கு ஊதுவாங்க’ன்னான்.”

அவ்வளவுதான் சொன்னான். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவனை விட்டுவிட்டார்கள். எனக்கும் பணிநீக்க உத்தரவு வந்துவிட்டது, வழக்கும் வருமாம், உனக்கும் சேர்த்துத்தான். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை ரமழானுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அடுத்த ரமழானுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நக்லா என்னிடம் பேசுவதில்லை. இஹ்ஸான் பேசுகிறாள், அது அதைவிட மோசம்.

நாளைக்குச் சாவியை ஒப்படைக்கிறேன். ரேடியோ என் சொந்தம், ஆனாலும் எடுத்துக்கொண்டு வரவில்லை. கிழவி இன்று வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தையே மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், அப்படி ஏதாவது எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். உன் கிண்ணத்தில் ஒரு சீட்டைக் கட்டி, எண் போட்டு, அதிகாரியின் அலமாரியில் பூட்டிவைத்திருக்கிறார்கள். திரும்பக் கிடைக்காது. வேறு வாங்கிக்கொள்.

பஹ்கத்